திருப்பூரில் துவைத்துப் பார்த்த டேப்லெட்

மலேசியாவிலிருந்து திருப்பூருக்கு வருகிறவர்கள் பனியன் வாங்க வருவார்கள். நான் விமானத்தில் வழி பார்க்க ஒரு டேப்லெட் வாங்க வந்தேன். கோவை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி வந்த காரணம் கேட்டபோது இதை அப்படியே சொல்லிவிட்டேன். அவர் என் கடப்பிதழை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். பின்னால் நின்ற என் மனைவி கலா எட்டிப் பார்த்து, "துணி எடுக்க வந்திருக்கோம் சார்" என்றாள். உடனே முத்திரை விழுந்தது.

பேராக் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வார நாட்களில் அடுத்தவர் கண்ணைப் பார்க்கிறவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் விமானி. எங்கள் பறக்கும் மன்றத்தில் நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று உண்டு. இடப்பக்கம் நான், வலப்பக்கம் கலா, அவள் மடியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். பல வருடங்களாக எங்கள் ஞாயிறு அப்படித்தான் போனது.

போன வருடம் ஒரு ஞாயிறு. மலைத்தொடரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தபோது, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த டேப்லெட் வெயிலில் சூடேறி, வரைபடத்தை அணைத்துவிட்டு ஒரு வெப்பமானிப் படத்தைக் காட்டியது. தான் ஆறும்வரை வேறு எதையும் காட்டாதாம். கீழே எங்கு பார்த்தாலும் மேகத் திட்டுகள். காகித வரைபடமோ பின் இருக்கையில், சாப்பாட்டுக் கூடைக்கு அடியில். கலா எம்பி அதை எடுத்துக் கொடுத்தாள். நான் மேற்கே திரும்பி, கடற்கரையைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டே வந்து இறங்கினேன். பெரிய ஆபத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, அதை அவள் பார்த்துவிட்டாள். காரில் ஏறும்போது, "இனிமே நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றாள். சண்டையும் இல்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதும் இல்லை. அவள் சண்டை போட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு தனியாகப் பறந்து பார்த்தேன். "அங்க பாரு" என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் மேலே போவதற்கும் மாடிப்படி ஏறுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கலா மறுபடி அந்த இருக்கையில் உட்கார வேண்டும். அதற்கு முதலில் சூட்டுக்கு அணையாத டேப்லெட் வேண்டும். கடைகளில் கேட்டால் எல்லாரும் எல்லாவற்றையும் நல்லது என்றார்கள்.

மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு டி-ஷர்ட் தைக்கும் வேலையை முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கொடுத்திருந்தோம். அதன் முதலாளி லோகநாதனிடம் தொலைபேசியில் பேச்சுவாக்கில் என் பிரச்சினையைச் சொன்னேன். "இதுக்குப் போயி ரோசனை பண்ணீட்டு இருக்கறீங்களே. எங்க சாயப்பட்டறைல நாள் முச்சூடும் ஆவிக்குள்ள டேப்லெட் வெச்சுட்டுத்தானுங்க வேலை நடக்குது. வாங்க, எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணிப் பார்த்துப்போடலாம்" என்றார். கலாவிடம் சொன்னேன். "நானும் வர்றேன், பனியன் எடுக்கணும்" என்றாள். டேப்லெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் டாக்சி டிரைவர் கைபேசியை முன்கண்ணாடிக்குக் கீழே நிறுத்தி, அதன் முதுகில் ஈரக் கைக்குட்டையைச் சுற்றியிருந்தார். காரணம் கேட்டேன். "வெயிலுக்கு ஆஃப் ஆயிருதுங்க. இப்படிச் சுத்திவுட்டா தாங்கும்" என்றார். கலா கைக்குட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக வேறு எதையோ ரசித்தேன்.

கைக்குட்டை காய்ந்ததும் வரைபடம் அணைந்தது. டிரைவர் மனப்பாடமாக ஓட்டி எங்களை ஊத்துக்குளியில் கொண்டுபோய் நிறுத்தினார். முதலிபாளையம் வேறு திசையில் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கலாவோ இறங்கிப் போய், அந்த ஊர் வெண்ணெய்க்குப் பேர் போனது என்று தெரிந்துகொண்டு, ஒரு பெரிய உருண்டை வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் நாட்டில் வழி தவறினால் சுங்கச்சாவடிக் கட்டணம்தான் மிஞ்சும். இங்கே வெண்ணெய் மிஞ்சியது. தொழிற்பேட்டை போய்ச் சேருவதற்குள் அதில் பாதி உருகி என் கால்சட்டையில் இருந்தது.

லோகநாதன் வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப். "மொதல்ல ஊட்டுக்குப் போயி சாப்பிட்டுப் போட்டு வந்துருலாமுங்க. வேலை எங்க போகுது" என்றார். அவர் மனைவி அரிசிம்பருப்புச் சோறும், தேங்காய்ப் பால் ஊற்றிய, இடியாப்பம் மாதிரியான சந்தகையும் வைத்தார். மீதி வெண்ணெய் சோற்றுக்குப் போனது. நான் மிளகாய்ச் சம்பல் இல்லாமல் சாப்பிடத் தெரியாதவன்; அன்று சம்பல் ஞாபகமே வரவில்லை. போதும் என்று கையை நீட்டி மறைத்தேன். "அட, கொஞ்சமாத்தானுங்க" என்று விரல் இடுக்கு வழியாகவே சோறு விழுந்தது.

சாயங்காலம் கம்பெனிக்குப் போனோம். மேசையில் மூன்று டேப்லெட்டுகள் வரிசையாகக் கிடந்தன. கடைக்காரரிடம் சாம்பிள் என்று சொல்லி வாங்கி வந்திருக்கிறார். திருப்பூரில் சாம்பிள் கேட்டால் யாரும் மறுப்பதில்லை, மறுத்தால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் எல்லாத் தொழிலிலும் இருக்கிறது. ஒன்று ஒல்லி. ஒன்று நடுத்தரம். மூன்றாவதற்கு நான்கு மூலையிலும் ரப்பர், கனமோ செங்கல் கனம். மூன்றிலும் என் விமான வரைபடச் செயலியை ஏற்றினேன். கலா செங்கலைத் தூக்கிப் பார்த்து, "இத ஏத்தினா ஒரு ஆள இறக்கணும் லா" என்று சொல்லிவிட்டு பனியன் அடுக்கியிருந்த பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் சூட்டுப் பரீட்சை. துணி உலர்த்தும் எந்திரத்தின் வாயருகே ஒரு ஸ்டூலைப் போட்டு, மூன்றையும் அதன்மேல் நிறுத்தினோம். அந்த இடத்தின் காற்று முகத்தில் பட்டதும் எனக்கு என் வயது ஞாபகம் வந்தது. வேலை செய்துகொண்டிருந்த வடநாட்டுத் தொழிலாளிகள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் இந்தியில் ஏதோ கேட்க, மற்றவர் சிரித்தார். என்ன என்று லோகநாதனிடம் கேட்டேன். "இதுக மூணும் என்ன தப்புப் பண்ணுச்சு, இப்படி நிக்க வெச்சிருக்கறாங்கன்னு கேக்கறானுங்க" என்றார்.

ஒல்லிதான் முதலில் விழுந்தது. அதே வெப்பமானிப் படம். கலா அப்போது பக்கத்தில்தான் நின்றாள். "சரி" என்றாள். அவ்வளவுதான். மற்ற இரண்டும் எங்களைவிட அதிக நேரம் அங்கே தாங்கின.

அடுத்து வெயிலில் திரை தெரிகிறதா என்று பார்க்க மொட்டை மாடிக்குப் போனோம். விமானத்தில் போடும் என் குளிர்க்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுத்தரத்தைக் கையில் எடுத்தேன். பளிச்சென்று தெரிந்தது. பக்கவாட்டில் திருப்பினேன். கன்னங்கரேல். செங்கலை எடுத்துத் திருப்பினேன். அதுவும் கருப்பு. "போச்சு, ரெண்டும் அணைஞ்சிடுச்சு" என்று தலையில் கை வைத்தேன். கலா எட்டிப் பார்த்து, "நல்லாத்தானே எரியுது" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூசும் ஒளியைத் தடுக்கிற கண்ணாடி அது. அதே குணத்தால் சில திரைகளைக் குறிப்பிட்ட கோணத்தில் முழுக்க மறைத்துவிடும். வாடிக்கையாளர்களுக்கு நான் தினம் சொல்லும் பாடம். போதாக்குறைக்கு, விமானிகளுக்கு உகந்தது என்று நானே கடையில் எழுதி ஒட்டி விற்கிற கண்ணாடி. கலா சிரித்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். விமானம் சம்பந்தப்பட்ட எதற்கும் அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. அதற்காக நான் எத்தனை கண்ணாடியும் போடத் தயார்.

அதற்கடுத்த நாள் இரண்டு டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். கட்டடத்துக்குள் இருந்தால் அவை எங்கே இருக்கின்றன என்று அவற்றுக்கே தெரியாது. திறந்த வெளியில் ஓட வேண்டும், கொஞ்சம் குலுங்கவும் வேண்டும். லோகநாதன் கார் தருகிறேன் என்றார். உங்கள் கார் குலுங்காது என்று சொல்லி மறுத்துவிட்டேன். பொங்கலூர் போகும் பஸ் என்னை ஏமாற்றவில்லை. எங்கள் விமானம் மோசமான காற்றில்கூட அவ்வளவு பேசாது.

பல்லடம் தாண்டும்போது ஒரு விஷயம் தெரிந்தது. செங்கலின் திரையில் குட்டி விமானப் படம் எங்களோடு நகர்ந்து வந்துகொண்டிருந்தது. நடுத்தரத்தின் விமானமோ தொழிற்பேட்டையிலேயே நின்றுகொண்டிருந்தது. வைஃபை கிடைக்கிற இடத்தில்தான் அதற்குத் தன் இருப்பிடம் தெரியும். செயற்கைக்கோளைக் கேட்டுத் தானாக இடம் சொல்லும் பாகமே அதற்குள் இல்லை. மலைக்கு மேலே வைஃபை யார் வைத்திருக்கிறார்கள்? நடுத்தரத்தைப் பைக்குள் போட்டேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு அம்மாள், காய்கறிக் கூடையோடு, வெகு நேரமாகச் செங்கலையே பார்த்துக்கொண்டு வந்தார். விமான வரைபடத்தில் நேர்கோடுகள் நிறைய இருக்கும். வான் பாதைகள், வான்வெளி எல்லைகள். அதில் ஒரு கோட்டின்மேல் அவர் விரலை வைத்தார்.

"ஏனுங்க, இந்தக் கோடு என்ற காட்டு மேலயா போகுது?"

அந்தப் பக்கத்தில் 'என்ற' என்றால் என்னுடைய; வயல், தோட்டம் எல்லாவற்றையும் காடு என்றுதான் சொல்வார்கள். நான் விவரம் புரியாமல், "ஆமாங்க, இந்தப் பக்கமாத்தான் போகுது" என்று அன்பாகச் சொன்னேன்.

"டவர் லைனுங்களா?" என்றார். குரல் மாறியிருந்தது. "ஏற்கெனவே மேக்கால ஒரு லைனு இழுத்துப்போட்டாங்க. இப்ப கெழக்காலயுமா?"

பஸ் முழுக்கத் திரும்பியது. விளைநிலத்தின் குறுக்கே உயர் மின்கோபுரம் வருவது அங்கே எவ்வளவு பெரிய தலைவலி என்று எனக்கு அப்போது தெரியாது. டேப்லெட் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அளந்து வரும் அதிகாரி என்று என்னை முடிவு கட்டிவிட்டார்கள். அரைக்கை சட்டையும் கண்ணாடியும் அதற்குப் பொருத்தமாக இருந்தன. "இது வானத்துல இருக்கற கோடும்மா, தரையில எதுவும் வராது" என்றேன். "டவரும் வானத்துலதானுங்க நிக்குது. காலு எங்க காட்டுலதான ஊணறாங்க" என்றார் அந்த அம்மாள். கண்டக்டர் விசிலை ஊதி, "சார், எறங்கிப் பேசி முடிச்சுக்குங்க, வண்டிக்கு நேரமாச்சு" என்றார்.

இறங்கினோம். அந்த அம்மாள், இன்னும் மூன்று பெண்கள், நாங்கள். எதிரே சின்ன வெங்காயக் காடு. நான் வான்வெளியைப் பற்றி விளக்க விளக்க அவர்கள் முகம் இறுகிக்கொண்டே போனது. கலா என் கையிலிருந்து செங்கலை வாங்கினாள். இரண்டு விரலால் வரைபடத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். கோடு திரையை விட்டு வெளியே போய்விட்டது. "பாருங்கம்மா, உங்க காடு இது. மேல எதுவும் இல்ல" என்றாள். அந்த அம்மாள் உற்றுப் பார்த்தார். "இதையவே வெச்சுக்கச் சொல்லு கண்ணு, மறுக்கா மாத்தாம" என்றார். கலா என் சார்பில் வாக்குக் கொடுத்தாள். எங்களுக்கு ஆளுக்கொரு இளநீரும் ஒரு பை வெங்காயமும் கிடைத்தன.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு கலா ஒரு விமான வரைபடத்தைத் தொட்டது அன்றுதான். நான் கவனிக்காதவன் மாதிரி இளநீர் குடித்தேன். கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. வேண்டாம், வேலியோரம் உட்கார்ந்திருக்கும் குருவியை விரட்டின மாதிரி ஆகிவிடும் என்று பயந்து, திரும்பும் பஸ் எப்போது வரும் என்று கேட்டேன்.

மிஞ்சியது செங்கல் மட்டும்தான். கடைசியாக அதன் திரையில் எங்கள் ஊர் ஓடுபாதையின் வரைபடத்தைத் திறந்துவைத்து, துணிப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தோம். கூடத்தின் பொறுப்பாளர் எஸ்தர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இங்கேயே நிலைத்துவிட்டவர். எந்தத் துணியானாலும் அவர் கையெழுத்து இல்லாமல் கம்பெனியை விட்டு வெளியே போகாது. முதலாளியே அந்த அறைக்குள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார். "தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுன்னு போட்டிருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது செங்கலைக் காணோம். மேசையில் இல்லை, அலமாரியில் இல்லை. அறையின் மூலையில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வட்டக் கண்ணாடிக்குள், நுரைக்கும் வெள்ளைத் துணிகளுக்கும் நடுவே, வெளிச்சத்தோடு எங்கள் ஊர் விமான ஓடுபாதை தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் பாய்ந்து போய்க் கதவில் கை வைத்தேன்.

"நடுவுல தொறக்கப்பிடாது சார், ரிசல்ட்டு கெட்டுப்போவும்" என்றார் எஸ்தர், நிதானமாக.

"அது டேப்லெட்டுங்க."

"தெரியும்லா. தண்ணி உள்ள போவாதுன்னு கடக்காரன் சொல்லுதான். இங்க வார ஒவ்வொரு துணியும் சுருங்காதுன்னு சொல்லிட்டுத்தான் வருது. தொவச்சுப் பாத்தாத்தான தெரியும். அஞ்சு வாஷ். இது ரெண்டாவது."

லோகநாதனைப் பார்த்தேன். அவருக்கு இதில் விசேஷம் எதுவும் தெரியவில்லை. "டிரையர்லயும் போடோணுங்களே?" என்று மட்டும் கேட்டார்.

வெளியே போய் டீ குடித்தேன். டீக்கடைக்காரர் முகத்தைப் பார்த்து, யாருக்காவது ஆஸ்பத்திரியில் முடியவில்லையா என்று விசாரித்தார். இதுவும் போனால் கடையில் வேறு டேப்லெட் கிடைக்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் இன்னொரு திரை அணைவதைக் கலா பார்க்கக் கூடாது. அதுதான் என் பயம் முழுவதும்.

கலா என்னோடு வரவில்லை. திரும்பிப் போனபோது அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மெஷினுக்கு எதிரே இழுத்துப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வாஷும் முடிய முடிய எஸ்தர் எடுத்துக் காட்ட, அவள் தலையை ஆட்ட, மறுபடி உள்ளே போனது. கடைசியில் வெளியே எடுத்தபோது அதன் மூலைகளில் பேனாவால் புள்ளி வைத்திருப்பது தெரிந்தது. துணி சுருங்குகிறதா என்று பார்க்க வைக்கும் குறி. எஸ்தர் ஸ்கேலை வைத்து அளந்தார். வெள்ளைத் துணியால் முதுகைத் தேய்த்துப் பார்த்தார். "சுருக்கம் இல்ல. சாயம் எறங்கல. ஓரம் பிரியல. பாஸ்" என்றார். திரையில் எங்கள் ஓடுபாதை பளபளவென்று இருந்தது. நான் கட்டிப்பிடிக்காத குறை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை விடைபெறப் போனபோது, செங்கல் ஒரு பாலிதீன் உறைக்குள் இருந்தது. வாய் மடித்து, ஒரு அட்டை கோத்து, பிளாஸ்டிக் முத்திரை மாட்டி, லோகநாதனும் எஸ்தரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பரிசோதனையில் தேறியதை இப்படி சீல் வைத்து சாம்பிள் அறையில் பத்திரப்படுத்துவதுதான் இங்கே வழக்கமாம். 'பையர்' என்று இவர்கள் சொல்லும் வாங்குகிறவருக்குப் போவது அதேபோல் செய்த புதுச் சரக்கு. லோகநாதன் டப்பா பிரிக்காத புது டேப்லெட் ஒன்றை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "அச்சு அசலா அதேதானுங்க. ஒரே மாடல்."

"எனக்கு அந்தத் துவைச்சதையே குடுத்திடுங்க" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "சார், டெஸ்ட்டுக்குப் போன பீஸை எந்த பையருக்காச்சும் அனுப்புவாங்களா? ஊட்டுக்கு வந்த விருந்தாளிக்கு அஞ்சு வாஷ் போட்டதைக் குடுத்தனுப்புனா, நாளைக்கு நாலு பேரு என்னைய என்னன்னு பேசுவாங்க? மரியாதையா இருக்குமுங்களா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. புதிதுதான் நல்லது, அறிவுள்ளவன் அதைத்தான் வாங்குவான். ஆனாலும் எனக்குப் பழையதுதான் வேண்டும் போலிருந்தது. ஏன் என்று விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் எஸ்தர் வேறு, "சீலை ஒடைக்கணும்னா காரணம் எளுதணும் சார்" என்றார். நான் தோற்றுப்போய்ப் புது டப்பாவுக்குக் கையை நீட்டினேன்.

அதுவரை கலா மூலையில் தன் பனியன் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"அண்ணே, இவர் தனியா பறக்கறதா இருந்தா எதை வேணும்னாலும் குடுங்க. பக்கத்து சீட்ல உட்காரப் போறது நான். அது சுத்துறத உட்கார்ந்து பார்த்ததும் நான்தான். எனக்கு அதுதான் வேணும்."

லோகநாதன் என்னைப் பார்த்தார். என்னால் அவரைத் திருப்பிப் பார்க்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைக்கத் துடைக்க அது மங்கலாகவே இருந்தது. இத்தனை மாதமாகக் கேட்கத் தைரியமில்லாமல் நான் சுமந்துகொண்டிருந்த கேள்விக்கு, யாரோ ஒருவரிடம், போகிற போக்கில் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

எஸ்தர் கத்தரிக்கோலை எடுத்து முத்திரையை வெட்டி, அட்டையில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். உறையிலிருந்து எடுத்ததை வாங்க நான் கை நீட்டினேன். கலா அதை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.